இடைவேளை போட இடமில்லாத படங்கள்

ஆங்கிலப் படங்களுக்கு இடைவேளை கிடையாது. எடுக்கிறவர்கள் அப்படி ஒன்றை மனதில் வைத்து எடுப்பதில்லை. நம் ஊர்த் தியேட்டரோ இடைவேளை இல்லாமல் பிழைக்காது. டிக்கெட் பணத்தில் விநியோகஸ்தர் பங்கு போக மிஞ்சுவதை மட்டும் நம்பி யாரும் கொட்டகை நடத்த முடியாது. கேன்டீனில் விற்கிற டீயும் முறுக்கும் பாப்கார்னும்தான் கரண்ட் பில்லைக் கட்டும். ஆகவே படம் எந்த நாட்டில் எடுத்ததாக இருந்தாலும் நடுவில் யாராவது கத்திரி வைத்தாக வேண்டும். சில படங்களுக்கு விநியோகஸ்தரே நேரம் குறித்து அனுப்பிவிடுவார். மற்றதெல்லாம் ஆபரேட்டர் தலையில் விழும்.

நான் உப்பிலியபுரத்துக்காரன். ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சைமலை, நடுவில் எங்கள் ஊர். துறையூர் வட்டாரத்துக் கொட்டகைகளிலும் கொஞ்ச காலம் திருச்சியிலும் ஆபரேட்டராக இருந்தேன். கார்பன் குச்சி எரிந்த காலத்தில் எடுபிடியாகச் சேர்ந்தவன், செனான் விளக்கு வந்து, கியூப் சர்வரில் பொத்தானைத் தட்டினால் படம் ஓடுகிற காலம் வரை கேபினிலேயே இருந்துவிட்டேன்.

ஃபிலிம் ஓடிய நாட்களில் கணக்கு என்னவோ சுலபம்தான். நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம் வரும். பன்னிரண்டு ரீல் படமென்றால் ஆறாவது முடிந்ததும் விளக்கைப் போட்டுவிடலாம் என்று புதிதாக வந்த பையன் நினைப்பான். ஆனால் ரீல் முடிகிற இடத்தில் கதை முடிச்சு விழுந்திருக்காது. யாரோ பாதிப் பேச்சில் வாயைத் திறந்தபடி நிற்பார்கள். முன் பெஞ்சிலிருந்து விசில் பறக்கும். அதனால் ஒன்றிரண்டு நிமிடம் முன்னே பின்னே தள்ளி, வெட்டி ஒட்டி, இடம் பண்ண வேண்டியிருக்கும். எங்கே வெட்டுவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. வெளியே போய் டீ கிளாஸைக் கையில் எடுத்தவன், "இப்ப என்னடா பண்ணுவான்?" என்று பக்கத்தில் நிற்பவனைக் கேட்டால் வெட்டு சரி. "மணி என்னடா ஆச்சு?" என்று கேட்டால் வெட்டு தப்பு. இதற்கு மேல் எனக்குத் திரைக்கதை இலக்கணம் எதுவும் தெரியாது.

இந்தச் சோதனையில் அதிகம் தோற்றவை சூப்பர்ஹீரோ தொடர் படங்கள். காரணத்தை நெடுநாள் யோசித்திருக்கிறேன். கிராபிக்ஸ் நன்றாக இல்லை, வில்லன் சரியில்லை, ஒரே மாதிரி இருக்கிறது என்று விமர்சகர்கள் சொல்வதெல்லாம் உண்மை. ஆனால் அவை மேலே தெரிகிற கொப்புளங்கள். நோய் படத்தின் நடுவில் இருக்கிறது. ஓடி ஒரு மணி நேரமான பிறகும் கதாநாயகனுக்குத் திரும்பக் கிடைக்காதபடி எதுவும் போயிருக்காது.

அப்படி ஒன்று நிஜமாகவே போய்விட்ட படத்தைச் சொல்கிறேன். 2004இல் வந்த 'ஸ்பைடர்மேன் 2'. சாம் ரைமி இயக்கியது, 127 நிமிடம். தமிழ் பேசி வந்தது. எங்கள் பக்கத்துக்கெல்லாம் பெட்டி வந்து சேர்வதற்குள் திருச்சியில் ஓடி முடிந்திருந்தது. கட்டடத்துக்குக் கட்டடம் தாவுகிற பையனுக்கு அதில் வாடகை கட்டக் காசில்லை. பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை போகிறது. கல்லூரியில் பாடம் பின்தங்குகிறது. நேசித்த பெண் வேறொருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். ஊரைக் காப்பாற்றப் போகும் ஒவ்வொரு முறையும் சொந்த வாழ்க்கையில் ஒரு செங்கல் கழன்று விழுகிறது. கடைசியில் கையிலிருந்து வலையே வராமல் நின்றுபோகிறது. மழை பெய்கிற சந்து, ஒரு குப்பைத்தொட்டி, அதன் விளிம்பில் தொங்குகிற சிவப்பு நீல உடுப்பு, முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிற பீட்டர் பார்க்கர். 1967இல் வந்த காமிக்ஸ் இதழ் ஒன்றில் ஜான் ரொமிட்டா வரைந்த பக்கத்திலிருந்து எடுத்த காட்சி அது என்று பின்னால் படித்தேன். அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தெரியாது. விளக்கைப் போட வேண்டிய இடம் இதுதான் என்று மட்டும் கைக்குத் தெரிந்தது.

அந்த இடைவேளையில் கேன்டீன் பக்கம் போய் நின்றேன். ஸ்பைடர்மேன் பனியன் போட்டுக்கொண்டு வந்திருந்த ஒரு சின்னப் பையன் அப்பாவிடம், "இனிமே வரமாட்டானாப்பா?" என்று கேட்டான். அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. வருவான் என்பது போஸ்டரிலேயே இருக்கிறது. இருந்தாலும் அந்த மனிதர் யோசித்துவிட்டு, "பாப்போம்" என்றார். படம் எடுக்கிறவர் சம்பாதிக்க வேண்டியது அந்த யோசனையை. இரண்டாம் பாதியில் ஓடுகிற ரயிலைத் தன் உடம்பால் இழுத்து நிறுத்திவிட்டு மயங்கிச் சரிகிறானே, பயணிகள் அவனைத் தலைக்கு மேலே ஏந்திக் கொண்டுபோய்க் கிடத்துகிறார்களே, முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்து இவ்வளவு சின்னப் பையனா என்று திகைக்கிறார்களே, அந்தக் காட்சி ஓடும்போது ஒரு ஷோவில்கூடக் கதவு திறந்து யாரும் வெளியே போகவில்லை. முதல் பாதியில் அவன் இழந்ததற்கெல்லாம் அங்கேதான் விலை கிடைக்கிறது.

நம் ஆட்களுக்கு இது புதிய பாடமா? 1995இல் வந்த 'பாட்ஷா'வை எடுத்துக்கொள்ளுங்கள். மாணிக்கத்துக்கு முகமூடி இல்லை, மந்திர சக்தி இல்லை. ஆனால் அவரும் சூப்பர்ஹீரோதான். யார் என்று நமக்கு ஓரளவு தெரிந்துவிட்ட பிறகு அவரைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிறார்கள், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார். கொட்டகை கொதிக்கிறது. பலம் உள்ளவன் அதைப் பயன்படுத்தாமல் அடக்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வட்டி போட்டுச் சேர்கிறது. அமெரிக்கத் தொடர் படங்களில் பறக்கத் தெரிந்தவன் முதல் ரீலிலேயே பறந்துவிடுகிறான். பிறகு இன்னும் வேகமாகப் பறக்கிறான். பிறகு கூட்டமாகப் பறக்கிறார்கள்.

2007இல் 'ஸ்பைடர்மேன் 3' வந்தது. அதே இயக்குநர், அதே நடிகர். போஜ்புரியில்கூடப் பேசி வெளியிட்டார்கள். மணலாக மாறுகிறவன் ஒருவன், கறுப்புப் பசை பிடித்தவன் ஒருவன், பழைய நண்பன் ஒருவன் என்று மூன்று வில்லன்கள். ஒருவன் கதையில் முடிச்சு விழும்போது இன்னொருவன் கதை தொடங்கியிருக்காது. எங்கே வெட்டினாலும் ஏதோ ஒன்று பாதியில் தொங்கியது. மகளின் வைத்தியத்துக்காகத் திருடுகிற மணல் மனிதன் ஒருவன் போதும், நல்ல படம் ஒன்று எடுக்கலாம். முந்தைய படத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்ததும் ஆழத்துக்குப் போவதற்குப் பதிலாக அகலத்துக்குப் போய்விடுகிறார்கள். அகலத்துக்கு எல்லை கிடையாது. ஐந்தே ஆண்டுகளில், 2012இல், வேறு நடிகரை வைத்து அதே பையனை அதே சிலந்தியிடம் மறுபடி கடிபட வைத்தார்கள். அவனுடைய சித்தப்பா மறுபடி செத்தார்.

விளக்கைப் போடுகிறவன் பார்வையில் பெரிய சிக்கல் கால அட்டவணைதான். 2014 அக்டோபரில் மார்வெல் நிறுவனம் ஒரு மேடை போட்டு, வரப்போகிற பல வருடங்களின் படங்களைத் தேதியோடு அறிவித்தது. வியாபாரத்துக்கு அது கெட்டிக்காரத்தனம். கதைக்கு அது விஷம். 2018 ஏப்ரலில் 'இன்ஃபினிட்டி வார்' ஓட்டினேன். வில்லன் தானோஸ் விரலைச் சொடுக்குகிறான். பாதி உலகம் சாம்பலாக உதிர்கிறது. ஸ்பைடர்மேன் பையன் அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூளாகிப் போகிறான். நிஜமாகவே எனக்கு நெஞ்சு அடைத்தது. கேபினை விட்டு இறங்கி வந்தால் வாசலில் ஒரு கல்லூரி மாணவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்கண்ணே, அவனுக்கு அடுத்த ஜூலைல தனிப் படம் இருக்கு, தேதி எப்பவோ சொல்லிட்டாங்க" என்று ஆறுதல் சொன்னான். அவன் சொன்னது சரி. 2019 ஜூலைக்கு அந்தப் பையனின் அடுத்த படம் வரும் என்று 2016லேயே அறிவித்திருந்தார்கள். துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது இறந்தவரின் அடுத்த வருடத்துக் கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

செத்தவன் திரும்பி வரக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஜில்லாவில் அப்படிச் சொல்லவும் முடியாது. தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் படம் காட்டுவதைத் தொடங்கி வைத்தவர் என்று சாமிக்கண்ணு வின்சென்ட்டைச் சொல்வார்கள். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905இல், நோயுற்று ஊர் திரும்ப இருந்த டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கிக் காட்டத் தொடங்கினார். அந்தச் சுருள்களில் முக்கியமானது இயேசுவின் வாழ்க்கை. எங்கள் தொழிலின் முதல் கதாநாயகனே செத்து மூன்றாம் நாள் எழுந்தவர்.

அதைவிடக் கிட்டத்து உதாரணம் வீரப்பூர். மணப்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொன்னர் சங்கர் விழுந்துபட்ட மண். அண்ணன்மார் கதையை உடுக்கடித்து இரவு இரவாகப் பாடுவார்கள். கொம்பன் என்ற காட்டுப்பன்றி வரும், தலையூர்க் காளி வருவான், தங்கையின் கனவு வரும், கடைசியில் படுகளம் வரும். இளம் வயதிலேயே அண்ணன் தம்பி இருவரும் மாண்டுபோவார்கள் என்பது கதை கேட்க வந்து உட்காரும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தங்கை வந்து தண்ணீர் தெளித்து அவர்களை எழுப்புவாள் என்பதும் தெரியும். அண்ணன்மார் கோயில்களில் படுகளம் நடக்கும்போது ஆண்கள் மாண்டவர்களாக வரிசையாக விழுந்து கிடப்பதையும், ஒவ்வொருவராக எழுப்பப்படுவதையும் இன்றும் பார்க்கலாம். முடிவு தெரிந்த கதையை வருடா வருடம் அழுதுகொண்டே கேட்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் இந்தக் கதையைக் கொங்குப் பகுதிப் பாடகர் ஒருவரிடம் பல இரவுகள் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தார். அதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டு, பின்னாளில் அனிமேஷன் தொடராகவும் கொண்டுவந்தார்.

ஏன் அந்தச் சாவு கனக்கிறது, இந்தச் சாவு கனக்கவில்லை? எழுந்து வருகிற அண்ணன்மார் தங்கையோடு தங்கிவிடுவதில்லை. ஒரு பார்வை, இரண்டு பேச்சு, திரும்பப் போய்விடுகிறார்கள். எழுந்து வந்ததால் அவர்கள் பட்டது எதுவும் இல்லையென்று ஆகிவிடாது. தங்கை இன்னொரு முறை தனியாகிறாள், அவ்வளவுதான். சூப்பர்மேன் 2016இல் செத்து 2017இல் எழுந்தபோது அவரைப் புதைத்த துக்கத்துக்கே அர்த்தம் போய்விட்டது. 2017இல் வந்த 'லோகன்' படத்தில் வுல்வரின் கிழவனாகி, நோயாளியாகி, ஒரு குழந்தைக்காகச் செத்தான். அந்த வகைப் படங்களிலேயே முழுமையான சாவு அது. 2024இல் அதே நடிகரை அதே நகங்களோடு கூட்டிவந்து, முதல் காட்சியிலேயே லோகனின் எலும்பைத் தோண்டி எடுத்துக் கேலி செய்தார்கள். சிரிப்பு வந்தது, மறுக்கவில்லை. சிரித்து முடித்ததும் பழைய படத்திலிருந்து எதையோ களவு கொடுத்துவிட்ட உணர்வும் வந்தது.

'இன்ஃபினிட்டி வார்' கதையைத் தொடர்ந்து முடித்த 'எண்ட்கேம்' விஷயத்தில் மட்டும் நான் கட்சி மாறுவேன். 181 நிமிடப் படம். தமிழில் ஏ.ஆர். முருகதாஸ் வசனம், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல். பழைய குரலுக்குப் பழகிய ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டைக்கு நான் போகவில்லை. வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு எல்லோரும் கடந்த காலத்துக்குள் குதிக்கிற இடத்தில் விளக்கைப் போடலாம்; கேள்வி இருந்தது. கடைசியில் டோனி ஸ்டார்க் சொடுக்கியபோது விலையும் இருந்தது. அங்கேயே கதவைச் சாத்தியிருக்கலாம். 2024இல், டோனி ஸ்டார்க்காக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியரை வேறு வேடத்தில், வில்லனாக, திரும்பக் கூட்டி வருவதாக மேடையில் அறிவித்தார்கள். கதை செத்தவனை விட்டாலும் கல்லாப்பெட்டி விடாது போலிருக்கிறது.

2023இல் வந்த 'தி மார்வெல்ஸ்' படத்துக்கு வேறு கதி. மூன்று கதாநாயகிகள், அவர்களில் இருவர் யார் என்று விளங்க வேண்டுமானால் இரண்டு வெப் சீரிஸ் பார்த்திருக்க வேண்டும். கொல்லிமலை அடிவாரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து டிக்கெட் எடுக்கிறவனுக்கு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்புகிறார்கள். அவன் ஏன் வருவான்?

கடைசி அரைமணி நேரத்தைப் பற்றிக் கேபின்காரன் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. வானத்தில் ஓட்டை விழும், அதிலிருந்து ஆயிரம் பூதங்கள் இறங்கும், ஊர் இடியும், எல்லாம் ராத்திரியில் நடக்கும். பெரிய மால் தியேட்டரில் புது விளக்கில் பார்த்தால் எப்படியோ. செனான் விளக்கு வயதாக ஆக மங்கும். மாற்றுவது செலவு என்று முதலாளிகள் கூடுதல் மணி நேரம் ஓட்டச் சொல்வார்கள். அதன் மேல் 3டி கண்ணாடி வேறு பாதிக்கு மேல் வெளிச்சத்தைத் தின்றுவிடும். மிஞ்சுவது கறுப்புத் திரையில் கறுப்பு உருவங்கள் மோதிக்கொள்வது. யார் யாரை அடிக்கிறார் என்று எனக்கே தெரியாது. அந்த நேரத்தில்தான் கதவு திறந்து திறந்து மூடும், சிகரெட்டுக்கும் பாத்ரூமுக்கும் போவார்கள், போன் வெளிச்சம் ஒவ்வொன்றாக முளைக்கும். எந்தப் படத்தின் உச்சக்கட்டத்தில் ஜனங்கள் எழுந்து போகிறார்களோ அந்தப் படத்தைப் பற்றி நான் தனியாக விமர்சனம் எழுத வேண்டியதில்லை. ரயிலை நிறுத்தியவன் பகல் வெளிச்சத்தில், முகம் தெரிய நிறுத்தினான்.

படம் முடிந்த பிறகு வருகிற துண்டுக் காட்சிகள் எங்களுக்குத் தந்த தொல்லை தனி. 2008இல் 'அயர்ன் மேன்' படத்தில் எழுத்தெல்லாம் ஓடி முடிந்ததும் ஒற்றைக் கண் நிக் ஃப்யூரி வந்து இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நம் கொட்டகையில் 'சுபம்' விழுவதற்கு முன்பே கதவைத் திறந்துவிடுகிற பழக்கம். பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு உள்ளே வந்துவிடுவார். விளக்கைப் போட்டால் நாலு பையன்கள் கத்துவார்கள். போடாவிட்டால் வயதானவர்கள் படியில் தடுக்குவார்கள். ஒரு வழியாகப் பாதி விளக்கு என்று ஒப்பந்தம் ஆயிற்று. அந்த நாலு பையன்கள் காத்திருப்பது எதற்கு? இப்போது பார்த்த படத்துக்காக இல்லை. அடுத்ததற்கு. இரண்டரை மணி நேரம் ஓடிய படமே வரப்போகிறதற்கு முன்னால் விட்ட இடைவேளையாகிவிடுகிறது. அதற்குள் நான் வேறு ஓர் இடைவேளையைத் தேடிக்கொண்டிருந்தால் எங்கே கிடைக்கும்?

இந்த வியாதி நம் பக்கமும் வந்துவிட்டது. அதுவும் திருச்சியிலிருந்தே தொடங்கியது என்பதில் எனக்கு வருத்தம் கலந்த பெருமை. 2019 தீபாவளிக்கு வந்த 'கைதி'யைச் சொல்கிறேன். ஒரே ராத்திரி. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. திருச்சி கமிஷனர் ஆபீஸில் பூட்டிவைத்த போதைப்பொருளை மீட்க ஒரு கும்பல் வருகிறது. ஜெயிலிலிருந்து வெளியே வந்த டில்லி மகள் முகத்தை முதன்முதலாகப் பார்க்கப் போகிற வழியில் மயங்கிய போலீஸ்காரர்களை லாரியில் ஏற்றி ஓட்ட வேண்டியதாகிறது. டில்லியின் பலம் மனிதப் பலத்துக்கு மேற்பட்டதுதான். கத்திக்குத்து வாங்கிவிட்டு எழுந்து நிற்கிறார். ஆனாலும் நம்பினோம். அந்தக் குழந்தை அனாதை இல்லத்தில் காத்துக்கொண்டிருக்கிறது, விடிந்தால் வாய்ப்புப் போய்விடும். ஆபீஸில் மாட்டிக்கொண்ட கான்ஸ்டபிள் நெப்போலியன், ஜார்ஜ் மரியான் நடித்தாரே, அவருக்கு ஒரு சக்தியும் கிடையாது. நாலைந்து கல்லூரிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கதவை அடைத்துக் கட்டடத்தைக் காப்பாற்றினார். அந்தப் படத்தின் சூப்பர்ஹீரோ அவர்தான் என்று எங்கள் ஊர்க்காரர்கள் டீக்கடையில் தீர்ப்புச் சொன்னார்கள்.

2022 ஜூனில் 'விக்ரம்' வந்தது. அந்த இடைவேளையை நான் போட வேண்டியிருக்கவில்லை. 'கைதி'யை எடுத்த லோகேஷ் கனகராஜே போட்டிருந்தார். செத்துப்போனதாக நினைத்தவர் முகமூடியைக் கழற்றி நிற்கிறார். கொட்டகை இடிந்து விழாதது அதிசயம். ஆனால் கடைசியில் ரோலக்ஸ் என்ற வில்லன் வந்து சில நிமிடம் நின்றதும் வேறு ஏதோ நடந்தது. வெளியே வந்த கூட்டம் விக்ரமைப் பற்றிப் பேசவில்லை. பேரனுக்காகப் போராடிய கிழவரைப் பற்றிப் பேசவில்லை. ரோலக்ஸும் டில்லியும் எப்போது மோதுவார்கள் என்று பேசிக்கொண்டு போனது. 2023 'லியோ'வில் நெப்போலியன் இமாச்சலப் பிரதேசத்தில் வந்து நின்றபோது கைதட்டல் பறந்தது. நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே, இந்த மனிதருக்கு இங்கே என்ன வேலை என்றும் தோன்றியது. திருச்சியில் அவருக்குக் காப்பாற்ற ஒரு கட்டடம் இருந்தது. இங்கே நமக்கு அவரை ஞாபகம் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரியம் பெரிதாக இல்லை. படம் முடியும்போது போனில் விக்ரம் குரல் கேட்கிறது, மறுபடி கைதட்டல். தெரிந்த முகத்தைப் பார்த்ததற்குத் தட்டுவதும், அந்த முகம் செய்த காரியத்துக்குத் தட்டுவதும் ஒரே சத்தமாகத்தான் கேபினுக்குக் கேட்கும். வித்தியாசம் மூன்றாவது வாரத்தில், வசூலில் தெரியும்.

தமிழில் முகமூடி மாட்டியே படம் எடுத்துப் பார்த்தவர் மிஷ்கின். 2012இல் 'முகமூடி'. உடுப்பு பெரிதாக இருந்தது, அதற்குள் இருந்தவனுக்கு என்ன குறை என்பது எனக்குப் பிடிபடவில்லை. பதினோரு வருடம் கழித்து, 2023இல், மடோன் அஷ்வினின் 'மாவீரன்' படத்தில் அதே மிஷ்கின் வில்லனாக வந்தார். அங்கே சிவகார்த்திகேயன் சத்யா, பத்திரிகையில் காமிக்ஸ் வரைகிற பயந்தாங்கொள்ளி. சக்தி என்று அவனுக்குக் கிடைத்தது அவன் காதில் மட்டும் கேட்கிற ஒரு குரல். அவனுக்கு நடக்கப்போவதை அவனே வேண்டாம் வேண்டாம் என்று மேலே பார்த்துக் கும்பிடுகிறான். குடியிருப்புச் சுவர் பெயர்ந்து விழுகிறது. இடியப்போகிற அந்தக் கட்டடத்தில் அவன் அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள். எங்கே வெட்டினாலும் அந்தப் படம் பிழைத்துக்கொள்ளும்.

நான் ஓட்டாமல் போனதில் வருத்தப்படுகிற படம் ஒன்று உண்டு. பேசில் ஜோசப்பின் 'மின்னல் முரளி'. தியேட்டருக்கு வரவில்லை, 2021 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நேராக நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. அக்கா பையன் தன் போனில் போட்டுக் கொடுத்தான். தையல்காரன் ஜெய்சன், டீக்கடை ஷிபு, இரண்டு பேரையும் ஒரே ராத்திரியில் மின்னல் தாக்குகிறது. இரண்டு பேருக்கும் ஒரே சக்தி. ஒருவன் நல்லவனாகிறான், இன்னொருவன் கெட்டவனாகிறான் என்று அட்டவணையில் எழுதிவிடலாம். படத்தில் அப்படி இல்லை. ஷிபுவுக்கு ஊரில் மதிப்பில்லை. சின்ன வயதிலிருந்து நேசித்த உஷா ஒருத்திக்காகக் காத்திருக்கிறான். குரு சோமசுந்தரம் நடித்தது. 2016 'ஜோக்கர்' படத்தின் மன்னர் மன்னன், நம் ஆள். கடைசியில் அவள் சம்மதித்து, அவன் சிரித்தபடி அழுகிற அந்த ஒரு நிமிடத்தில், கொள்ளையடித்தவன், கொலை செய்தவன் என்பதெல்லாம் தெரிந்தும் அவன் வாழட்டும் என்று மனசு கேட்கிறது. பிறகு அவளைத் தீயில் இழக்கிறான். அதற்கப்புறம் வருகிற சண்டை குறுக்கன்மூலை என்ற ஒரே கிராமத்துக்குள்தான் நடக்கிறது. உலகம் அழியப் போவதில்லை, ஒரு ஊர்தான். அதுவே தாங்க முடியவில்லை.

இரண்டாம் பாகம் பற்றிப் பேச்சு அடிபடும்போதெல்லாம் அக்கா பையன் எனக்குச் சொல்லி அனுப்புகிறான். ஷிபு இல்லாமல் அதை எப்படி எடுப்பார்கள் என்பது என் கவலை. ஷிபுவைத் திரும்பக் கூட்டி வந்துவிடுவார்களோ என்பது அதைவிடப் பெரிய கவலை.